கொல்லை கொத்தும்போது கிடைப்பவை: காவிரி டெல்டாவில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு

டெல்டாவில் வீடு வாங்கியோ, பூர்வீக வீட்டுக்குத் திரும்பி வந்தோ முதல்முறையாகக் கொல்லையில் மண்வெட்டி போடுகிறவர்கள் உரத்தைப் பற்றி விசாரிப்பார்கள், நாற்றைப் பற்றி விசாரிப்பார்கள். மண்ணுக்குள்ளிருந்து என்னென்ன கிளம்பும் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கொத்த ஆரம்பித்ததுமே வந்துவிடும்: ஓட்டுச்சில்லு, வளையல் துண்டு, மருந்துப் புட்டி, துருவேறிய லாடம், நயா பைசா. எதைக் குப்பையில் போடலாம், எதைத் தொடவே கூடாது, எதற்காக வேலையை அப்படியே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை எடுப்பதற்கு முன், அது எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று பாருங்கள். பொருள் எங்கேயும் போகாது, அது கிடந்த நிலை எடுத்த நிமிஷத்தோடு போய்விடும்.

முதலில் மனையைப் பற்றி விசாரியுங்கள்

உங்கள் மனை ஊர் நத்தமா (பழைய குடியிருப்பு நிலம்), பழைய வயலா என்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டாவைப் பார்த்தால் தெரியும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் போதும். டெல்டாவில் பழைய ஊர்கள் வயலைவிடக் கொஞ்சம் மேட்டில் இருக்கும். வெள்ளத்துக்குப் பயந்து மேட்டில் குடியேறினார்கள் என்பது பாதிக் காரணம். மண்சுவர் வீடு இடிந்து, அதன் மேலேயே அடுத்த வீடு எழும்பி, அடுப்புச் சாம்பலும் ஓடும் சேர்ந்து அந்த மேடு வளர்ந்தது என்பது மீதிக் காரணம். நத்தத்தில் கொல்லை என்றால் பொருள் கிடைத்தே தீரும்.

வயலை மனையாக்கிய இடம் வேறு மாதிரி. இரண்டடி, மூன்றடிக்கு வெளியூர் மண் அடித்து மேடாக்கியிருப்பார்கள். தஞ்சாவூர் பக்கம் என்றால் வல்லத்துச் செம்மண்ணாகக்கூட இருக்கும். அந்த மண்ணில் கிடைக்கும் பொருள் லாரியில் வந்தது, உங்கள் மனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோடையில் குளத்து வண்டல் அள்ளிப் போட்டிருந்தாலும் இதே கதைதான், குளத்தில் விழுந்த குடமும் கொலுசும் உங்கள் கொல்லையில் முளைக்கும். அடித்த மண் எங்கே முடிகிறது, சொந்த மண் எங்கே தொடங்குகிறது என்பது நிறத்திலேயே தெரியும்: மேலே சிவப்போ பழுப்போ இருக்கும், கீழே சாம்பல் கறுப்பில் களி இருக்கும். அந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் கேட்டு வையுங்கள். பழைய கிணறு, எடுப்புக் கக்கூஸ், செப்டிக் டேங்க், எருக்குழி இவை எங்கே இருந்தன? மூடிய கிணற்றின் மேல் நாற்பது வருஷம் புல் முளைத்திருக்கும், யாருக்கும் தெரியாது. கடப்பாரை குத்தும்போது செங்கல்லோ ஓடோ பட்டால் ‘டங்’ என்று கேட்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தம் ‘தொம்’ என்று உள்ளே போய்த் திரும்பும். அப்படிக் கேட்டால் அந்த இடத்தைவிட்டு விலகி வந்துவிடுங்கள். பழைய குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். விஷவாயு கண்ணுக்குத் தெரியாது, காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்துக்கொண்டு போகும்.

வீட்டுச் சுவரை ஒட்டி நாலைந்து அடிக்குள் கரியும் உப்பும் கலந்த மண் வந்து, நடுவில் ஜிஐ பைப் தெரிந்தால் அது பழைய அடுப்பு அல்ல. அது வீட்டு மின்சாரத்துக்கான எர்த் குழி. மூடிவிட்டு வேறு இடம் பாருங்கள். மோட்டார் கேபிள் போகும் வழியையும் இப்போதே குறித்துவிடுங்கள்.

எப்போது, எதைக் கொண்டு

அக்னி நட்சத்திரத்தில் களி வெடித்துக் கல்லாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் குழியில் தண்ணீர் நிற்கும். மாசி, பங்குனிதான் சரி. கோடைமழை ஒன்று பெய்து இரண்டு மூன்று நாள் கழித்தும் மண் பதமாக இருக்கும். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் என்று குழி எடுத்து, வெயிலில் ஆறப்போட்டு, ஆடியில் நடலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் ஓடத் தொடங்கினால் நிலத்தடி நீர் மேலே வரும், அதற்குள் ஆழமான வேலையை முடித்துவிடுவது நல்லது.

மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, இரண்டு பாண்டு, ஒரு சல்லடை. கெட்டியான ரப்பர் கையுறையும் முழங்கால் வரை பூட்ஸும் கட்டாயம். எலிக்காய்ச்சல் ஈர மண் வழியாக, காலில் இருக்கும் சின்னக் கீறலில் ஏறிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் புண்ணோடு சேற்றில் இறங்கவே வேண்டாம். துருப்பிடித்த இரும்போ கண்ணாடியோ கிழித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள். பழைய செங்கல் குவியலைக் கையால் பிரிக்காதீர்கள், கட்டுவிரியனுக்கும் நல்ல பாம்புக்கும் அதுதான் இடம். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், நேரே அரசு மருத்துவமனை, அவ்வளவுதான்.

கொத்தும் முறை

தென்னங்குழிக்கு அடையாளம் போட்டதும் நேராகக் கடப்பாரையால் குத்திக் குத்தி இறங்கிவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் கிடைப்பதெல்லாம் உடைந்துதான் கிடைக்கும். மண்வெட்டியைப் படுக்க வைத்து அரையடி, அரையடியாகச் சீவி எடுங்கள். ஒவ்வொரு அரையடி மண்ணையும் தனித்தனிக் குவியலாகப் போடுங்கள். மேல்மண் தனியாக இருந்தால் பிறகு குழி நிரப்பும்போது உங்களுக்கே உதவும்.

ஒரு நோட்டில் கொல்லையின் படம் வரைந்துகொள்ளுங்கள். கிணற்று மேடை, வீட்டுப் பின்வாசல் போன்ற நகராத இரண்டு இடங்களிலிருந்து அடிக்கணக்கில் தூரம் எழுதினால் போதும். பொருள் தெரிந்ததும் எடுக்காமல், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்து செல்போனில் படம் எடுங்கள். அப்புறம் எடுத்து, தேதியும் ஆழமும் எழுதிய துண்டுச் சீட்டோடு காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கி உலோகத்தை அரிக்கும்.

அடுக்கைப் படிப்பது

மேலே இருக்கும் அடுக்கில் பாலித்தீன். பாக்கெட் ஷாம்பூ தமிழ்நாட்டில் பரவியது 1980களில்தான். ஆக, உறை கிடக்கும் அடுக்கு அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. கடலோரமாக நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் களிக்கு நடுவே கடல் மணல் ஒரு படலமாக வந்தால், 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுவந்ததா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு உடைந்த ஓடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் விழுந்த தென்னையின் குழிகளிலேயே போட்டு மூடப்பட்டன. அதனால் அங்கே மூன்றடி ஆழத்திலும் போன வருஷத்துப் பொருள் மாதிரி கிடக்கும்.

இதனால்தான் ஆழத்தை மட்டும் நம்பக் கூடாது. குழியின் பக்கச் சுவரைத் தண்ணீர் தெளித்துச் சீவிப் பாருங்கள். பழுப்பு மண்ணுக்கு நடுவே கறுப்பாக, கிண்ணம் போல வளைந்த திட்டு தெரிந்தால் அது யாரோ எப்போதோ தோண்டிய குப்பைக்குழி. அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே வீட்டுக் குப்பை, அநேகமாக ஒரே தலைமுறை. ஒரு திட்டில் சிம்னி விளக்கின் பித்தளைத் திரிமாட்டி, கோடு போட்ட மிக்சர் மருந்துப் புட்டி, பீங்கான் ஜாடித் துண்டு, ஓட்டைக் காலணா எல்லாம் சேர்ந்து வந்தால், அந்த வீட்டில் மின்சாரம் வராத காலம் கண்முன் வந்துவிடும். நடுவில் துளை போட்ட அந்தக் காலணா 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது. நயா பைசா என்று எழுதியிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ஒரு குழியில் கிடைக்கும் நாணயங்களில் எது கடைசியோ, அந்த வருஷத்துக்குப் பிறகுதான் குழி மூடப்பட்டிருக்கிறது.

மங்களூர் ஓட்டில் வருஷம் பொறித்திருந்தால் கவனமாக இருங்கள். 1865 என்று கண்டதும் ஓட்டின் வயது அது என்று எடுத்துக்கொள்வார்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கிய வருஷம் அது. ஓடு அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சில் வந்திருக்கும்.

அடிக்கடி கிடைப்பவை

அரைநிலா வடிவில், மூன்று நான்கு துளையோடு, உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு இரும்புத் தகடு வரும். அது மாட்டு லாடம். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. துளையில் தலை மழுங்கிய ஆணி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாலைந்து சேர்ந்து கிடைத்தால் அங்கே மாடு கட்டியிருக்கிறார்கள், பக்கத்திலேயே வண்டியின் கடையாணியும் இருக்கலாம். அந்த மண் கறுப்பாகப் பொலபொலவென்று இருக்கும். கத்தரி, மிளகாய் வைக்கக் கொல்லையிலேயே நல்ல இடம் அதுதான்.

பானை ஓட்டைக் கையில் எடுத்ததும் எந்தப் பக்கம் கறுப்பு என்று பாருங்கள். வெளிப்பக்கம் கரி, உள்பக்கம் சிவப்பு என்றால் அடுப்பில் ஏறிய சாதாரணச் சமையல் பானை. உள்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு, தேய்த்து மெருகேற்றிய பளபளப்பும் இருந்தால் அது கறுப்பு சிவப்புப் பானை. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்த நிறம். பெருங்கற்காலத்திலும் சங்க காலத்திலும் புழங்கியது. அதில் கீறல் எழுத்தோ குறியோ இருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு விரல் தடிமனில், பெரிய வட்டத்தின் துண்டாக வளைந்த ஓடு உறைகிணற்றின் (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறு) உறையாக இருக்கலாம். பூம்புகார்ப் பக்கத்தில் அகழாய்வில் இவை கிடைத்திருக்கின்றன.

பச்சைக் களிம்பேறிய செப்புக்காசு டெல்டாவில் அபூர்வம் இல்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து என்றால் ராஜராஜன் காசு வகை. நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் வைத்திருந்ததால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் V, O, C எழுத்துகள் பின்னிய காசுகளும், 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களின் காசுகளும் அந்தக் கரையோரத்தில் வரலாம்.

கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இந்த மண் முழுக்கக் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். ஆழம் வரை களியும் மணலும்தான், பாறை கிடையாது. ஆகவே கைக்கு அடங்கும் ஒரு கருங்கல் களிக்குள்ளிருந்து வந்தால், அதை யாரோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் உடைந்த அம்மியோ குழவியோ திருகையோதான். ஆனாலும் துடைத்துப் பார்க்காமல் வீசாதீர்கள். மயிலாடுதுறை பக்கத்துச் செம்பியன் கண்டியூரில் 2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் வாழையும் தென்னையும் வைக்கத் தன் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டினார். வழவழப்பாகத் தீட்டிய ஒரு கற்கோடரி வந்தது. அதில் நான்கு குறிகள். அவை சிந்துவெளிக் குறிகள் என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்தார். அதை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள், விவாதம் முடியவில்லை. அந்த ஆசிரியர் கல்லை வேலியோரம் எறியாமல், தரங்கம்பாடி அருங்காட்சியகத்தில் இருந்த நண்பரிடம் காட்டினார். அதனால்தான் இன்றைக்கு அதைப் பற்றிப் பேச முடிகிறது.

செப்புத் தகடு, சின்னக் கலயம், நவதானியம், மணிகள் கிடைத்தால் ‘செய்வினை’ என்று வீடே பதறும். பதற வேண்டாம். வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது ஈசானிய மூலையிலும் நிலைவாசலுக்கு அடியிலும் பஞ்சலோகத் துண்டு, காசு, தானியம், தகடு வைப்பது நம் வழக்கம். வீடு இடிந்தபின் அந்த மூலை உங்கள் கொல்லையாகியிருக்கும். எங்கே கிடந்தது என்று குறித்து, பழைய சுவர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், விஷயம் விளங்கிவிடும்.

தொடக் கூடாதவை

பூச்சிமருந்துப் புட்டி. டெல்டாக் கொல்லைகளில் இது நிறைய. சாய்சதுர லேபிளின் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம், மஞ்சள் அதற்கடுத்தது. லேபிள் போயிருந்தால் சிவப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோந்து பார்க்காதீர்கள், வாய்க்காலில் கழுவாதீர்கள், கண்ணாடி அழகாக இருக்கிறது என்று பூச்செடி வைக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில் மணலோடு போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, வேளாண் விரிவாக்க மையத்தில் எப்படிக் கழிப்பது என்று கேளுங்கள். சுற்றியுள்ள மண்ணை ஒரு பாண்டு அளவு சேர்த்தே அகற்றுங்கள், அங்கே கீரை வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கக் கூடாது, உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, முழுத்துண்டாக எடுத்து, தடித்த பையில் கட்டுங்கள். டியூப் லைட், பழைய பேட்டரி, ஊசி இவற்றைத் தனியாக வையுங்கள்.

எலும்பு வந்தால் முதலில் நிறுத்துங்கள். மாடு, நாய் எலும்புதான் பெரும்பாலும். மனித எலும்போ என்று சந்தேகம் வந்தால் மேலும் தோண்டாமல் காவல் நிலையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். பெரிய தாழி ஒன்றுக்குள் எலும்பும் சிறு பானைகளும் இருந்தால் பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழியாக இருக்கலாம். அதைத் தூக்க முயன்றால் நொறுங்கிவிடும். ஈரச் சாக்கு போட்டு மூடிவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

சிலையோ பொன்னோ கிடைத்தால்

இது எல்லோருக்கும் நடக்காது, ஆனால் இந்த மண்ணில் நடக்கிறது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரம் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வந்தன. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனரும் திருவெண்காட்டு மண்ணுக்குள்ளிருந்து வந்தவர்தான். படையெடுப்புக்குப் பயந்து புதைத்துக் காப்பாற்றிய சிலைகள் இன்னும் எத்தனையோ இடத்தில் இருக்கலாம்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி. நடைமுறையில் விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் அவர்கள் மேலே அனுப்புவார்கள். ஆனாலும் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உரியவர் யாருமில்லை என்று தீர்ப்பானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு என்கிறது சட்டம். அரசே எடுத்துக்கொள்ளவும் முடியும். அப்போது பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். மறைத்தால் பங்கு போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. கூலிக்கு வந்தவர் மண்வெட்டியில் பட்டிருந்தால் அவர் பெயரையும் கடிதத்தில் எழுதுங்கள். அதுதான் நியாயம்.

நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ‘நான் விற்றுத் தருகிறேன்’ என்று ஒருவர் வருவார். ‘இரிடியம் கலசம், பூஜை போட்டால் பெரிய புதையல்’ என்று இன்னொருவர் வருவார். இரண்டு பேரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சிலை இல்லை, வெறும் காசோ ஓடோதான், ஆனால் பழையது போலத் தெரிகிறது என்றால் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறையையோ, திருவாரூர், நாகப்பட்டினம் அரசு அருங்காட்சியகங்களையோ அணுகலாம். உங்கள் நோட்டும் படங்களும் கையில் இருந்தால் அவர்கள் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

கழுவுவது

செப்புக்காசைப் புளி, எலுமிச்சை, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளவென்று வரும், எழுத்து போய்விடும். மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு நிழலில் உலர்த்தினால் போதும். பானை ஓட்டைத் தண்ணீரில் அலசலாம், தேய்க்க வேண்டாம். இரும்பை ஈரம் படாமல் வையுங்கள், கழுவினால் அடுக்கடுக்காக உரியும்.

குழியை நிரப்புவது

சுண்ணாம்புக் காரை, பழைய சுவர்த் துண்டு இவற்றைக் குழியில் திரும்பப் போடாதீர்கள். மண்ணில் காரத்தன்மை ஏறிச் செடிக்கு இரும்புச் சத்து எடுபடாமல் போகும். கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், அடியில் காரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை நடைபாதைக்கு அடியில் போடலாம். குறி எதுவும் இல்லாத ஓட்டுச்சில்லும் செங்கல் துண்டும் தொட்டிக்கு அடியில் வடிகாலாக உதவும். கண்ணாடியும் இரும்பும் பழைய இரும்புக் கடைக்கு.

தனியாகப் போட்ட மேல்மண்ணோடு மட்கிய சாணமும் ஆற்று மணலும் கலந்து குழியின் பாதிக்கு மேல் நிரப்பி, ஒரு மழை பெய்து மண் அமர்ந்த பிறகு கன்றை வையுங்கள். அடியிலிருந்து வந்த பழைய குப்பைக்குழி மண்ணைச் சலித்து, கண்ணாடித் துண்டு இல்லை என்று உறுதியான பிறகு அதையும் கலக்கலாம். ஆனால் பூச்சிமருந்துப் புட்டி கிடந்த குழியின் மண்ணை மட்டும் சேர்க்காதீர்கள்.